அறிவிப்புக் காலம்: ஒரு விமானத்தளமும் மூன்று பேருந்து நிலையங்களும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, எந்தப் பொருளைப் பற்றி எந்த அரசு சட்டம் இயற்றலாம் என்பதைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. அதில் ஒன்றியப் பட்டியலின் 29-ஆவது பதிவு விமானப் போக்குவரத்தையும் விமானத்தளம் அமைக்கும் அதிகாரத்தையும், 27-ஆவது பதிவு பெருந்துறைமுகங்களையும் நாடாளுமன்றத்தின் கையில் ஒப்படைக்கின்றன. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தத்தால் சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணையோ, மாநிலம் மனம் வைத்தால் நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் 17-ஆவது பணி, தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேருந்து நிறுத்தத்தையும் குறிப்பிடுகிறது. வடசென்னையின் டோல்கேட்டில் குடியிருக்கும் ஒருவர் வெளியூர் செல்ல நினைத்தால், அந்தப் பயணத்தில் அவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாமன்ற உறுப்பினரின் அதிகாரம் முதல் நிறுத்தத்தின் நிழற்குடையோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், ஒரு நகர மேயர் ஓர் இரவில் ஒரு விமானத்தளத்தை மூடினார் என்ற செய்தியின் வியப்பு முழுமையாக விளங்கும். அந்த நகரம் அமெரிக்காவின் சிகாகோ. அந்த இரவு 2003 மார்ச் 30-க்கும் 31-க்கும் இடைப்பட்டது. மெய்க்ஸ் விமானத்தளம் என்று பெயர்பெற்ற அந்தச் சிறு நிலையம், நகரின் மையப் பகுதியை ஒட்டி மிச்சிகன் ஏரிக்குள் மண் கொட்டி உருவாக்கிய நார்தர்லி தீவில் 1948-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 3,900 அடி நீளமுள்ள ஒற்றை ஓடுபாதை; பெரிய ஜெட் விமானங்கள் இறங்க முடியாது; சிறு விமானம் வைத்திருப்போரும் அலுவல் பயணிகளும் அவசர மருத்துவ விமானங்களுமே அதைப் பயன்படுத்தினர். அங்கே ஒருபோதும் கால் வைக்காத இலட்சக்கணக்கானோருக்கும் அது பழக்கமான இடமாக இருந்ததற்குக் காரணம் கணினி விளையாட்டு: மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விமானப் பாவனை விளையாட்டைத் திறந்தால், பல பதிப்புகளில், விமானம் புறப்படக் காத்து நிற்கும் முதல் ஓடுபாதை மெய்க்ஸ்தான்.

தீவின் மண் நகரின் பூங்கா வாரியத்துக்குச் சொந்தம். அதில் விமானத்தளம் நடத்த நகர நிர்வாகம் 50 ஆண்டுக் குத்தகை பெற்றிருந்தது. குத்தகை 1996-இல் முடிந்ததும், தீவு முழுவதும் பூங்காவாக வேண்டும் என்று விரும்பிய மேயர் ரிச்சர்ட் எம். டேலி தளத்தை மூடினார். அந்த விருப்பத்தைக் கேலி செய்வதற்கில்லை. 1909-இல் கட்டடக் கலைஞர் டேனியல் பர்னம் வகுத்த நகரத் திட்டம் ஏரிக்கரை முழுவதையும் பொதுமக்களின் பூங்காவாகக் கண்டது. ஒரு நாளில் சில நூறு பேர் பயன்படுத்தும் ஓடுபாதையா, ஆயிரக்கணக்கானோர் உலாவும் கரையா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இல்லினாய் மாநில அரசு குறுக்கிட்டது, 1997-இல் தளம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2001-இல் மேயரும் மாநில ஆளுநரும் சேர்ந்து ஓர் உடன்பாடு கண்டனர்: சிகாகோவின் பெரிய விமான நிலையமான ஓஹேரை விரிவாக்க மாநிலம் இசையும், அதற்கு ஈடாக மெய்க்ஸ் 2026 வரை நீடிக்கும். அந்த உடன்பாட்டுக்குச் சட்ட வடிவம் தரும் முயற்சி அமெரிக்க நாடாளுமன்றத்தில் முடங்கியது. முடங்கிய சில மாதங்களில் மண்வாரி இயந்திரங்கள் தீவுக்குள் புகுந்தன.

காவலர் துணையோடு நள்ளிரவுக்கு முன் தொடங்கிய வேலை விடிவதற்குள் முடிந்தது. ஓடுபாதையின் நெடுகிலும் பெருக்கல் குறி வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டன. வானிலிருந்து பார்க்கும் விமானிக்கு அக்குறியின் பொருள் உலகெங்கும் ஒன்றே: இந்தப் பாதை மூடப்பட்டது, இறங்காதே. வழக்கமாக அதைச் சுண்ணாம்பிலோ துணியிலோ இடுவார்கள். மேயர் அதை ஓடுபாதையிலேயே தோண்டினார். தளத்தில் நின்றிருந்த 16 விமானங்கள் சிறைப்பட்டன. பின்னர் அவை ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானம் ஊர்ந்து செல்வதற்காக அமைந்த இணைவழியிலிருந்து தனி இசைவின் பேரில் பறந்து வெளியேறின. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நகர மையத்தின் வானளாவிய கட்டடங்களுக்கு அருகே சிறு விமானங்கள் பறப்பது ஆபத்து என்று காலையில் மேயர் விளக்கம் தந்தார். அப்படியோர் ஆபத்தைப் பற்றி அமெரிக்க ஒன்றிய அரசின் பாதுகாப்புத் துறைகள் எச்சரித்ததாக அவரால் காட்ட முடியவில்லை.

இந்தக் கதையில் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் அந்த இரவைக் காட்டிலும் அதற்கு விதிக்கப்பட்ட தண்டம். விமானத்தளம் ஒன்றை மூடுவதற்கு 30 நாளுக்கு முன் ஒன்றிய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவிக்காத ஒவ்வொரு நாளுக்கும் உச்சத் தண்டம் அப்போது 1,100 டாலர். ஆக மொத்தம் 33,000 டாலர். ஒரு பெருநகரத்தின் கருவூலத்துக்கு அது தண்டமே அன்று, நுழைவுக் கட்டணம். வழக்காடிய நகரம் 2006-இல் அந்த 33,000 டாலரைச் செலுத்தியதோடு, இடிப்பு வேலைக்குப் பயன்படுத்திய ஒன்றிய அரசின் விமான நிலைய வளர்ச்சி நிதியிலிருந்து பத்து இலட்சம் டாலரைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டது. நிலையத்தை வளர்க்கக் கொடுத்த பணம் அதை உடைக்கச் செலவானது என்பதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இதற்கிடையே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தண்டத்தை நாளொன்றுக்கு 10,000 டாலராக உயர்த்தியது. அத்திருத்தத்துக்கே மெய்க்ஸின் பெயர் ஒட்டிக்கொண்டது. தளம் திரும்பவில்லை. சட்டம் முப்பது நாள் என்று கேட்பதன் உட்பொருள் இங்கேதான் வெளிப்படுகிறது. அறிவிப்பு என்பது வெறும் மரியாதைக் கடிதம் அன்று. நீதிமன்றம் செல்லவும், சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்கவும், மாற்று வழி தேடவும், குறைந்தபட்சம் தன் விமானத்தை எடுத்துக்கொண்டு போகவும் பயனாளருக்கு வாய்க்கும் ஒரே அவகாசம் அது. முடிவெடுக்கும் அறைக்குள் இடம் இல்லாதவருக்கு முடிவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள நாள்களே பங்கு. அந்த நாள்களைப் பறிப்பவர், வழக்கில் தோற்றாலும் நிலத்தில் வென்றுவிடுகிறார்.

இந்தியாவில் எந்த மேயரும் இதைச் செய்ய முடியாது என்பது தொடக்கத்தில் கண்ட பட்டியலால் விளங்கும். அதனால் இந்திய நகரங்களின் விமான நிலையங்கள் திடீரென மூடப்படுவதில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். பெங்களூரின் எச்.ஏ.எல். நிலையமும் ஐதராபாத்தின் பேகம்பேட்டையும் 2008-இல் இரண்டு மாத இடைவெளியில் பொதுப் பயண விமானங்களுக்குக் கதவடைத்தன. மார்ச்சில் ஷம்ஷாபாத் திறந்தபோது பேகம்பேட்டையும், மே 24-இல் தேவனஹள்ளி திறந்தபோது எச்.ஏ.எல்.-லும். இங்கே மண்வாரி தேவைப்படவில்லை, ஒப்பந்தப் பத்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. தனியார் பங்கேற்புடன் பெங்களூரின் புதிய நிலையத்தைக் கட்டிய நிறுவனத்தோடு ஒன்றிய அரசு 2004-இல் செய்துகொண்ட சலுகை ஒப்பந்தம், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நிலையத்தை நடத்தி வருவாய் ஈட்டிக்கொள்ளும் உரிமையை வழங்கும் பத்திரம், பழைய நிலையம் மூடப்படும் என்றும், 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் போட்டி நிலையம் எழாது என்றும் உறுதி கூறியது. அந்த வரிகள் அச்சாகி நான்கு ஆண்டுகள் கழிந்து, நகரத்திலிருந்து புதிய நிலையத்துக்குப் போகும் சாலையின் நெரிசலை நேரில் கண்ட பிறகே பெங்களூர்வாசிகள் திடுக்கிட்டு நீதிமன்றப் படியேறினர். விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள் 2008 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தனர். எதுவும் மாறவில்லை. நாள்கணக்கில் பார்த்தால் சிகாகோவை விட நீண்ட அவகாசம் இருந்தது; அறிந்தவர் எத்தனை பேர் என்று பார்த்தால், அவகாசமே இருக்கவில்லை. 2024 ஜூனில் ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது உடனே எழுந்த தடையும் அந்த 150 கிலோமீட்டர்ப் பத்திதான். அதன் பிடி 2033 வரை நீள்கிறது. ஓசூர்க்காரர் எவரும் கையொப்பமிடாத தாள் அது.

இதன் மறுபக்கத்தைக் காஞ்சிபுரம் மாவட்டம் காட்டுகிறது. பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் கிராம சபை அதற்கு எதிராகத் தொடர்ந்து தீர்மானம் நிறைவேற்றி வந்தது. மூடும் அதிகாரம் சிகாகோ மேயருக்கு மிதமிஞ்சி இருந்தது என்றால், தன் வயலில் திறக்க வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம்கூட ஏகனாபுரத்துக்கு இல்லை.

வடசென்னைக்கு விமான நிலையம் எதுவும் இருந்ததில்லை. நகரின் வடமேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. போருக்குப் பின் அது பல்லாண்டுகள் மோட்டார் பந்தயக் களமாகப் பெயர்பெற்றிருந்து, பந்தயமும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு ஓசையின்றிக் கிடக்கிறது. எனவே இந்தப் பகுதியின் அனுபவத்தைத் தேட வேண்டிய இடம் வானம் அன்று, தண்டவாளமும் சாலையுமே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. வாலாஜா ரோடு வரை சென்றது. 1873-இல் சென்ட்ரல் எழுந்தது. 1907-இல் அதுவே தலைமை முனையமாக, இராயபுரத்திலிருந்து வெளியூர் வண்டிகள் விடைபெற்றன. முனையம் என்ற சொல்லை இங்கே பயணம் தொடங்கும் அல்லது முடியும் நிலையம் என்ற பொருளில் கொள்ள வேண்டும்; வண்டி நின்று செல்லும் இடம் வேறு, வண்டி பிறக்கும் இடம் வேறு. பிறக்கும் இடத்தில்தான் உட்கார இடம் கிடைக்கும், சுமை ஏற்ற நேரம் கிடைக்கும், சுற்றிலும் உணவகமும் விடுதியும் கூலியாள் வேலையும் முளைக்கும். முனையம் போனால் அவை அனைத்தும் கூடவே போகும்.

பேருந்தின் வரலாறும் அதே திசையில்தான் நகர்ந்தது. வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையை ஒட்டிய பிராட்வே, எஸ்பிளனேடு நிலையங்களிலிருந்து புறப்பட்ட காலத்தில் டோல்கேட்டிலிருந்து அவை ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருந்தன; காசிமேட்டு மீன் கூடையும் வண்ணாரப்பேட்டைத் துணி மூட்டையும் நகரப் பேருந்து ஒன்றில் ஏறினால் போய்ச் சேரும். 2002 நவம்பரில் கோயம்பேடு திறந்ததும் தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆனது. 2023 டிசம்பர் 30-இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்தபின், தென் மாவட்டங்களுக்குச் செல்வோருக்கு அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 2018-இல் திறந்த மாதவரம் நிலையம் இந்தப் பகுதிக்கு அணுக்கமானது என்பதும், ஆந்திரத் தடத்துக்காக எழுந்த அந்நிலையத்திலிருந்து பின்னர் தெற்கு நோக்கியும் ஒரு பகுதிப் பேருந்துகள் விடப்பட்டன என்பதும் உண்மையே. இருந்தாலும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நள்ளிரவுவரை வரிசையாக வண்டி கிடைக்கும் இடம் எது என்று கேட்டால் விடை கிளாம்பாக்கம்தான்.

நகரத்துக்குள் பெரிய வண்டிகள் வந்து நெரிவதைத் தடுக்க முனையத்தை வெளியே கொண்டுபோவது ஏற்கத்தக்க கொள்கை, தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் பண்டிகை இரவுகளைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். கேள்வி, கொள்கை செயலான விதத்தில் எழுகிறது. தனியார் நடத்தும் தொலைதூரப் பேருந்துகளான ஆம்னி பேருந்துகள் 2024 ஜனவரி 24 முதல் கோயம்பேட்டுக்குள் வரக்கூடாது, கிளாம்பாக்கத்திலிருந்தே தெற்கே புறப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த நாளை அடுத்து வந்தவை தைப்பூசம், குடியரசு நாள், சனி, ஞாயிறு. நான்கு நாள் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லப் பல நாள் முன்பே கோயம்பேட்டில் ஏறுவதாகப் பயணச்சீட்டு வாங்கியவர்கள், மாலையில் மூட்டை முடிச்சோடு அங்கே வந்து நின்றபோதுதான் பேருந்து வேறெங்கோ நிற்கிறது என்று அறிந்தனர். உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டோம் என்றது அரசு. வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பணிமனை வசதி அங்கே இல்லை என்றனர் உரிமையாளர்கள். இரு தரப்பும் தத்தம் அளவில் சரியாகவே பேசியிருக்கலாம். அந்த வாதத்தில் மூன்றாவது நாற்காலி போடப்படவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் சென்று, 2024 பிப்ரவரியில் இடைக்கால ஏற்பாடாக, கோயம்பேட்டுப் பகுதியிலுள்ள பணிமனைகளையும் போரூர், சூரப்பட்டுச் சுங்கச்சாவடிகளையும் பயணிகளை ஏற்றிக்கொள்ளப் பயன்படுத்த வழி பிறந்தது. சுங்கச்சாவடி எப்போதோ மறைந்து பெயர் மட்டும் எஞ்சிய டோல்கேட்டின் குடிமக்கள், பேருந்து பிடிக்க உண்மையான சுங்கச்சாவடிக்குப் போக வேண்டியதாயிற்று.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு கிடைக்கிறது. பொதுப் பயண வண்டிகள் எங்கே நீண்ட நேரம் நிற்கலாம் என்பதை மாநில அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தீர்மானிக்கலாம்; தீர்மானிக்கும்போது அந்தப் பகுதிமீது அதிகாரமுள்ள உள்ளாட்சியோடு கலந்தாலோசிக்க வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அது எண்ணிப் பார்ப்பது நிலையம் அமையும் இடத்தை. நிலையத்தைத் தேடி வருவோர் வாழும் இடம் அதன் கண்ணில் படுவதில்லை. கிளாம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது தேர்தலில் நிற்காமல் மாநில அரசின் கீழ் இயங்கும் திட்டமிடல் அமைப்பு. டோல்கேட்டை ஒட்டி, தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலமாகக் கரைந்துவிட்டது. எந்த வழியில் பார்த்தாலும், 40 கிலோமீட்டர் சுமந்து செல்பவருடைய பெயரில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கும் கட்டாயம் சட்டத்தில் இல்லை.

இதே பகுதி, போதிய அவகாசத்தோடு நடந்த ஒரு மூடலையும் கண்டிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசியும் இரும்புத் தாதுவின் செந்தூளும் இராயபுரத்து வீடுகளின் சுவரிலும் துணியிலும் மூச்சிலும் படிந்த நெடுங்கால வழக்கு, அவ்விரு சரக்குகளையும் 2011 அக்டோபர் முதல் அங்கே கையாளக்கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவில் முடிந்தது. உத்தரவு பிறந்தது அவ்வாண்டு மே மாதத்தில். இடையில் இருந்த மாதங்களில் ஏற்றுமதியாளரும் துறைமுகமும் மேல்முறையீடு செய்யவும் சரக்கை எண்ணூருக்குத் திருப்பவும் முடிந்தது. கப்பல் கம்பெனிக்குக் கிடைத்த மாதங்கள் மூட்டையோடு நின்ற பயணிக்குக் கிடைக்கவில்லை. தூசி எண்ணூருக்குப் போனது பற்றி எண்ணூர்க்காரரை எவர் கேட்டார் என்பது வேறொரு சொற்பொழிவுக்குரிய பொருள்.

அவகாசம் போதுமான அளவில் இருந்தால் மூடலே வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சும் நிர்வாகிகள் உண்டு. ஹாங்காங்கின் கை தக் நிலையம் அந்த அச்சத்துக்கு நேர் எதிரான சான்று. புதிய நிலையத் திட்டம் 1989-இல் அறிவிக்கப்பட்டது. 1998 ஜூலையில் ஒரே இரவில் வண்டி வண்டியாகக் கருவிகள் இடம் மாறி, காலையில் புதிய நிலையம் இயங்கியது. சரக்குப் பிரிவில் தொடக்க வாரங்களில் பெருங்குழப்பம் நேர்ந்ததே தவிர, பழைய நிலையத்துக்கு வந்து ஏமாந்து நின்ற கூட்டம் இல்லை. நகரத்திலிருந்து புதிய நிலையத்துக்கான விரைவு ரயிலும் அந்தக் கோடையிலேயே ஓடத் தொடங்கியது. பெர்லினின் டெம்பல்ஹோஃப் 2008 அக்டோபரில் மூடும் முன், மூடலாமா என்று அந்நகர மக்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. எதிர்த்தோரின் வாக்கு தேவையான அளவை எட்டாததால் மூடினார்கள், 2014-இல் இன்னொரு வாக்கெடுப்பு அந்த நிலத்தில் கட்டடம் எழக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியது. கிளாம்பாக்கம் திறந்த நாளில் அதன் வாசலில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. முனையத்தை முதலில் நகர்த்திவிட்டு வழியைப் பின்னர் போடுவது சென்னையின் பழக்கம்.

2021 பிப்ரவரி 14-இல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டதால், டோல்கேட் நிலையத்தில் ஏறுபவர் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் செல்லலாம். விமானத்தில் போகிறவர் அங்கே இறங்கி உள்ளே நடந்துவிடுகிறார். திருநெல்வேலிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரும் அதே வண்டியில் அதே நிலையத்தில் இறங்குகிறார். பிறகு சுமையைத் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்து, கிளாம்பாக்கம் என்று பலகை மாட்டிய நகரப் பேருந்துக்காக நிற்கிறார்.